சொந்த மைதானம் இல்லாதவர்கள்

எங்கள் கல்லூரிகளின் தடகள மன்றம் ஆண்டு மலர் போடுகிறதாம். இப்போதைய செயலாளர் நல்ல பையன். போனில் கூப்பிட்டு, "இனிமையான நினைவுகளா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், சர்ச்சையா எதுவும் வேணாம்" என்றார். இனிமை வேண்டுமென்றால் மிட்டாய்க் கடைக்குப் போகலாம். காலமெல்லாம் விசில் ஊதியவளிடம் கேட்டால் விசில் சத்தம்தான் கிடைக்கும்.

அவர் ஏன் சர்ச்சை வேண்டாம் என்கிறார் என்று எனக்குத் தெரியும். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. செயற்கை ஓடுதளம் வைத்திருக்கும் கல்லூரிகள் மட்டும் இனி உறுப்பினர்கள். மற்றவர்கள் விருந்தினராக வந்து கைதட்டிவிட்டுப் போகலாம். புறநகரில் புதிதாக முளைத்த பெரிய வளாகக் கல்லூரிகள் கொண்டுவருகிற தீர்மானம் இது. கிழவி நங்கநல்லூரில் ஆஞ்சநேயரைச் சுற்றிக்கொண்டு சும்மா கிடப்பாள் என்று நினைத்திருப்பார்கள். நான் கோயிலுக்குப் போவதே காலையில் நடக்க ஒரு காரணம் வேண்டுமென்றுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து உண்டாக்கியது எங்கள் மன்றம். வருஷத்துக்கு ஒரு பெரிய தடகளப் போட்டி. உறுப்பினர் கல்லூரி மாணவர்கள் மட்டும்தான் ஓடலாம். அதில் இடம் பிடித்தால் ஒரு சான்றிதழ். ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கப் போகும் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ்தான் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். ஆகவே உறுப்பினர் பதவி என்பது கல்லூரி வாசலில் மாட்டும் போர்டு இல்லை. யாரோ ஒரு வீட்டின் சோறு.

நான் உடற்கல்வி படித்த கதையை நீட்டப் போவதில்லை. காலையில் கயிறு ஏறினேன், மத்தியானம் எலும்புகளின் பெயரை உருப்போட்டேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இந்த வெயில்ல கறுத்துப் போனா எவன் கட்டிப்பான்?" என்று அம்மாவிடம் பாட்டு வாங்கினேன். பிறகு ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. கறுத்தவளைக் கட்டிக்கொள்ளவும் ஒருவர் வந்தார். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே மன்றத்துடன் மோதல். அப்போது பெண்கள் கல்லூரிகளுக்கு மன்றத்தில் 'இணை உறுப்பினர்' என்று பெயர். ஓட்டுரிமை கிடையாது. பெண்களுக்கு ஒப்புக்குச் சப்பாணியாக ரெண்டே ரெண்டு ஓட்டம். ஆனால் பரிசளிப்பு விழாவில் பட்டுப்பாவாடை கட்டி மெடல் தட்டு ஏந்த எங்கள் பெண்கள்தான் வேண்டும். அதற்கு மட்டும் மறக்காமல் ஆள் அனுப்பிவிடுவார்கள். நான் ஒரு வருஷம் தட்டு ஏந்த யாரையும் அனுப்பவில்லை. "தட்டு ஏந்தற பொண்ணு நானூறு மீட்டர் ஓடுவா சார், அதை வைங்க, தட்டும் வரும்" என்று சொல்லிவிட்டேன். அந்த வருஷம் பேராசிரியர்களே தட்டைத் தூக்கிக்கொண்டு மேடையில் முட்டிமோதியதைப் பார்க்கக் கண்கோடி வேண்டும். அடுத்த வருஷம் நானூறு மீட்டர் வந்தது. அதற்கடுத்து ஓட்டுரிமையும் வந்தது. சில வருஷம் கழித்து செயலாளர் நாற்காலியே என்னிடம் வந்துவிட்டது. வாயை அடைப்பதற்குப் பதவி கொடுப்பது நம் ஊரில் பழைய வைத்தியம். எனக்கு அது பலிக்கவில்லை.

அப்போது மன்றத்தின் தலைவர் வரதன் சார். பெரிய மைதானம் வைத்திருந்த ஒரு கல்லூரியின் முதல்வர், மயிலாப்பூர்க்காரர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதும் இல்லை. போய் உட்கார்ந்தால் முதலில் காபி வரும். டவராவில் ஆற்றி ஆற்றி, நாம் சொல்வதை முழுசாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தால் காரியம் நடக்காது என்று அர்த்தம். "பாப்போம்மா, விதின்னு ஒண்ணு இருக்கோன்னோ" என்பார். சண்டைக்காரனோடு சண்டை போடலாம். காபி கொடுத்துக் கதவைச் சாத்துபவரை என்ன செய்வது?

விதி என்று அவர் சொன்னது உறுப்பினர் விதி. சேர விரும்பும் கல்லூரிக்குச் சொந்த மைதானம் இருக்க வேண்டும், அதற்குப் பத்திரமும் காட்ட வேண்டும். அதோடு, மன்றத்துக்காக ஒரு போட்டியை நடத்திக் காட்டவும் வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்களின் மைதானத்தையும் வருஷம் ஒருமுறை தலைவர் நேரில் வந்து பார்ப்பார். அதற்கு 'மைதானப் பார்வை' என்று பெயர்.

அந்தப் பார்வை நாளில் ஒரு வழக்கம் இருந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்த மைதானம் கிடையாது. பக்கத்திலிருந்த மாநகராட்சி மைதானத்துக்குக் காலையிலேயே போய், கல்லூரிக் கொடியை நடுவில் நட்டு, சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, வேப்பமரத்தடியில் மேஜை விரித்துக் காபியோடு நிற்போம். தலைவர் வருவார், பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். மறுவாரம் அதே மைதானத்தில் வேறொரு கல்லூரியின் கொடி நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் வருஷா வருஷம் மறைத்தோம். அதை யாரும் பொய்யாகவே நினைக்கவில்லை. கல்யாணத்துக்கு வாடகைப் பந்தல் போடுவதுபோல அது ஒரு சடங்கு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சேகர் வந்தார். தியாகராய நகரில் ஒரு மாலைக் கல்லூரியில் வணிகவியல் ஆசிரியர். அங்கே உடற்கல்விக்கு ஆள் கிடையாது, பிள்ளைகள் மேல் உள்ள ஆசையில் இவரே ஓட வைத்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு ஒல்லிப் பெண். பெயர் தேவகி. பகலில் புடவைக் கடையில் மாடி ஏறிக் கட்டு எடுத்துவருகிற வேலை. சாயங்காலம் படிப்பு. விடியற்காலையில் மெரினா மணலில் ஓட்டம்.

அவளை எங்கள் கல்லூரிப் பெண்களோடு ஒருமுறை ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடவிட்டுப் பார்த்தேன். கடைசிச் சுற்றில் என் பெண்கள் அவள் முதுகைத்தான் பார்த்தார்கள். ஓடி முடித்து இடுப்பில் கை வைத்து நின்றவளிடம், ரயில்வேக்கு மனுப் போடு என்றேன்.

"இன்னா மேடம் போட்றது? சர்டிபிகேட்டு கேக்குறாங்க. நம்ம காலேஜு மன்றத்துலயே இல்லியே" என்றாள். "ஓனர் அண்ணாச்சி டெய்லி கேக்குறாரு, ஓடி ஓடி இன்னாத்த வாங்கப் போறேன்னு."

அது அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். ஆண்டுப் போட்டிக்கு முன் மாலைக் கல்லூரியை உறுப்பினராக்கினால் அவள் ஓடலாம். இல்லாவிட்டால் அவள் கால் பலம் மாடிப்படி ஏறிப் புடவைக் கட்டு எடுத்துவரத்தான் ஆகும். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

வரதன் சாரிடம் மனுவைக் கொண்டுபோனேன். காபி வந்தது. கண்ணாடி துடைக்கப்பட்டது. மைதானம் எங்கே என்றார். விதியில் இரண்டு நிபந்தனை இருக்கிறது, இரண்டாவதை முதலில் நிறைவேற்றட்டும், நாடோட்டத்தை அவர்கள் நடத்திக் காட்டட்டும், அதற்கு மைதானமே தேவையில்லை என்றேன். நாடோட்டம் என்றால் காடு மேடு மணல் வழியாக ஓடும் நெடுந்தூர ஓட்டம். அதுவரை வரதன் சார் கல்லூரி வளாகத்துக்குள் தார் ரோட்டில்தான் அதை ஓடிக்கொண்டிருந்தோம். அவர் யோசித்து, நடத்தட்டும் என்றார். மைதானத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று ஒரு வாலையும் ஒட்டவைத்தார்.

பட்டினப்பாக்கம் கடற்கரையிலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை மணலில் போய்த் திரும்புவது என்று பாதை முடிவானது. முதல் நாள் சாயங்காலம் நானும் சேகரும் தேவகியும் போய்ப் பாதையை அளந்து, ஈர மணல் இறுக்கமாக இருந்த இடமாகப் பார்த்துச் சுண்ணாம்புக் கோடு இழுத்தோம். எங்கள் தொழிலில் கையில் சுண்ணாம்பு இல்லாமல் எந்தத் தரையையும் பார்க்கத் தெரியாது. நேர்த்தியான கோடு. மூவரும் நின்று ரசித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தால் கோடு இல்லை. பௌர்ணமி அலை வந்து சுத்தமாக நக்கிக்கொண்டு போயிருந்தது. வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடலாண்ட வந்து கோலம் போட்டுக்கினு போனாங்க பாரு, படிச்சவங்க" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

கல்லூரி பஸ்கள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. வரதன் சாரும் வந்துவிட்டார். அவர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் பாலசுந்தரம் வெள்ளைப் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, பாதை எங்கே என்று கேட்டார். அவர் கேட்டது கேள்வி மாதிரியே இல்லை. சேகருக்கு முகம் வெளுத்துவிட்டது.

தேவகிதான் ஆள் திரட்ட ஓடினாள். மாலைக் கல்லூரிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஒரு கும்பலாக வந்திருந்தார்கள். கடைப் பையன்கள், கூரியர் பையன்கள், அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து அப்படியே வந்தவர்கள். "டேய், அல்லாரும் வாங்கடா, கோடு மாதிரி நிக்கலாம்" என்று அவர்களை இழுத்துக்கொண்டு போனாள். முதல் நாள் பாதை அளந்தபோது அவளும் கூட இருந்ததால் வளைவெல்லாம் அவளுக்கு அத்துபடி. கூப்பிடு தூரத்துக்கு ஒருவராகக் கரையோரம் நெடுக நின்றார்கள். ஆள் போதாத இடத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தாமாகவே வந்து நின்றன. சிரித்த அம்மாளும் வலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். முகத்துவாரத்தில் திரும்ப வேண்டிய முனையில் தேவகி நின்றாள். உறுப்பினர் அல்லாத கல்லூரி என்பதால் அவளுக்கு அந்த ஓட்டத்தில் ஓட உரிமை இல்லை. வந்திருந்தவர்களில் மிக நன்றாக ஓடக்கூடியவள், முழங்கால் அளவு அலையில் கையை நீட்டிக்கொண்டு, மற்றவர்கள் தன்னைச் சுற்றி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

ஓட்டம் முடிந்தது. பாலசுந்தரத்தின் பையன்கள் தார் ரோட்டுக்காரர்கள், மணலில் கால் புதைந்து பின்தங்கிவிட்டார்கள். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். உடனே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். பாதையைக் கோடிட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி, கோடு இல்லை, போட்டி செல்லாது. ஆட்சேபம் வந்தால் தலைவர், செயலாளர், சம்பந்தப்படாத கல்லூரியிலிருந்து ஒருவர் என மூவரும் அந்த இடத்திலேயே விசாரிக்க வேண்டும். கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து விசாரித்தோம்.

வரதன் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கோடு எதுக்குப் போடறோம் பாலசுந்தரம்? ஓடறவா வழி தப்பிடப்படாதுன்னுதானே? யாராவது தப்பினாளா?"

யாரும் தப்பவில்லை என்றார் பாலசுந்தரம். போன வருஷம் அவருடைய தார் ரோட்டில் இரண்டு பேர் கோட்டை விட்டுவிட்டு நேராகக் கேண்டீனுக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆட்சேபம் தள்ளுபடி. வரதன் சார்மேல் அன்றைக்கு எனக்கு மரியாதை பொங்கியது. சீக்கிரமே அடங்கியும் போனது.

அடுத்த வாரம் பொதுக்குழு. மாலைக் கல்லூரி மனு வந்தது. வரதன் சார், போட்டி நன்றாகவே நடந்தது, சந்தேகமில்லை என்றார். கண்ணாடியைக் கழற்றினார். சொந்த மைதானம் இல்லையே, விதியை நாம் எப்படி மீறுவது என்றார். பாலசுந்தரம் எழுந்து, இவர்களைச் சேர்த்தால் நாளைக்கு டுடோரியல் காலேஜும் தட்டச்சு நிலையமும் வரிசையில் நிற்கும் என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்ற எல்லோரும் காபி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேப்பமரத்தடியில் கொடி நட்டவர்கள்.

நான் எழுந்தேன். "சார், அந்த மனுவுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு. எங்க காலேஜை மன்றத்துலேர்ந்து நீக்கிடுங்க. எங்களுக்கும் சொந்த மைதானம் கிடையாது. நீங்க வருஷா வருஷம் பாத்துக் கையெழுத்துப் போட்டது மாநகராட்சி மைதானம். கொடி மட்டும்தான் எங்களுது."

என் கல்லூரி முதல்வருக்கு இது தெரியாது. அவரைக் கேட்காமல் கல்லூரியின் உறுப்பினர் பதவியைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டேன். நீக்கிவிட்டால் என் பெண்களும் ஓட முடியாது, என் வேலையும் போகும். ஆனால் தேவகிக்கு இல்லாத மைதானம் எனக்கு மட்டும் எப்படி இருக்கிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

தியாகராய நகர்க் கல்லூரி ஒன்றின் இயக்குநர் மெதுவாக எழுந்தார். தங்களுடையதும் அதே மைதானம்தான், அதே வேப்பமரம்தான் என்றார். அப்புறம் அடையாறு எழுந்தது. பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் உட்கார்ந்திருந்தது இரண்டே கல்லூரிகள். அதில் ஒன்று வரதன் சாருடையது.

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. போட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சேள்? அந்த ஒரே மரத்தடியில எத்தனை காலேஜ் காபி குடிச்சிருக்கேன்" என்றார்.

"தெரிஞ்சுண்டேவா சார் இத்தனை வருஷம் அவங்களை வெளியில நிறுத்தினீங்க?" என்றேன். கோபத்தில் அவர் பாஷையே என் வாயில் வந்துவிட்டது.

"யாரும் சொல்லலியேம்மா" என்றார். பிறகு மேஜையைச் சுற்றிப் பார்த்து, விதியிலிருந்து 'சொந்த' என்பதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண்டுப் போட்டியில் நானும் பாலசுந்தரமும் மட்டும்தான் ஓட வேண்டியிருக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. மாலைக் கல்லூரி உறுப்பினரானது.

வரதன் சார் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்தப் பதிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. யாரும் சொல்லவில்லை என்பதற்காக எத்தனை தேவகிகள் படிப்பை முடித்துப் புடவைக் கட்டுத் தூக்கப் போயிருப்பார்கள்? தெரிந்தவர் சொல்லியிருக்க வேண்டும். கொடி நட்டவர்கள் இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஆண்டுப் போட்டியில் தேவகி இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்த பெண் பாலசுந்தரத்தின் மாணவி. அவளும் கெட்டிக்காரி, உள்ளதைச் சொல்ல வேண்டும். ரயில்வே முதல் தடவை கை விரித்தது. அடுத்த தடவை எடுத்துக்கொண்டது. இன்று புறநகர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். மாம்பலம் ஸ்டேஷனில் எதிரே வந்தால் என்னையே சீசன் டிக்கெட்டைக் காட்டச் சொல்கிறாள். காட்டாவிட்டால் விடமாட்டாள். சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது மறுபடியும் அதே கதை. அன்று 'சொந்த', இன்று 'செயற்கை'. ஓடுதளம் பளபளப்பாக இருப்பது நல்லதுதான். என் காலத்தில் கிடைத்திருந்தால் நான் விழுந்து கும்பிட்டிருப்பேன். ஆனால் அது ஓடுவதற்கு, ஓடவிடாமல் வேலி போடுவதற்கு இல்லை. மாலைக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் மணலில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். பகலில் சாப்பாட்டு டெலிவரி, சாயங்காலம் படிப்பு. அவர்களுக்கும் ரயில்வே வேண்டும்.

பொதுக்குழுவில் ஓய்வு பெற்றவர்கள் பேசக் கூடாது என்று விதியைக் காட்டினார்கள். சரி, பேசவில்லை. ஒவ்வொரு இயக்குநர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு விதி கிடையாது. இம்முறை காபி டம்ளருக்குள் பார்க்காதீர்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன். தீர்மானம் தோற்கும் என்று நம்புகிறேன்.

தோற்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. அவர்கள் செயற்கைத் தளத்தில் போட்டி நடத்தும் அதே நாளுக்கு மாநகராட்சி மைதானத்தைக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். நீக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே ஓடுவார்கள். அந்தச் சான்றிதழ் எங்கே செல்லும் என்று கேட்கிறார்கள். எங்கள் மன்றம் முதலில் கொடுத்த சான்றிதழையும் எந்த அலுவலகமும் ஏற்கவில்லை. ஓடி ஓடித்தான் ஏற்கவைத்தோம். இன்னொரு தடவை ஓடத் தெரியாதா?

நேற்று தேவகியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, நடுவர்களுக்கு ஆள் பிடிக்க வேண்டும் என்றேன். எல்லாம் முன்பே கேள்விப்பட்டவள்போல நான் முடிப்பதற்குள் குறுக்கே விழுந்தாள்.

"லீவு எய்திக் குட்த்துட்டேன் மேடம். யாரை வோணும்னாலும் எதுக்கு வோணும்னாலும் போட்டுக்கோங்க. ஓட்டத்தை ஆரம்பிச்சு வெக்கிறது மட்டும் நான்தான்."